யார் கையில் இருக்கிறது

ஒன்பது மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வரும் என்று நேற்றைய பேப்பரிலேயே போட்டிருந்தார்கள், மாதாந்திரப் பராமரிப்பு, எந்தெந்தத் தெரு என்கிற பட்டியலோடு, மாசிலாமணியும் தன் தெருவின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை மடித்தார், ஆனாலும் காலையில் மின்விசிறி சுற்றி ஓய்ந்தபோது யாரோ சொல்லாமல் எழுந்து போய்விட்டது போல இருந்தது. மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டி இருக்கிறது. வாங்கின புதிதில் இரண்டு மணி நேரம் தாங்கும், இப்போது ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். அதனால் பதினொரு மணி வரை எதையும் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் கணினியைத் திறந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு பக்கம். ஓசூரிலிருந்து பெனிட்டா நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள்தான் இப்போது ‘நூலடுக்கு’ மென்பொருளை மேய்த்துக்கொண்டிருப்பவள். சின்ன நூலகங்களில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எப்போது திருப்ப வேண்டும் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் அது. விலை கிடையாது, முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தம் எழுதி அனுப்பலாம். அப்படி அனுப்பும் திருத்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பேட்ச். வந்த பேட்ச்சைக் குழுவில் ஒருவர் பரிசீலிப்பார். பரிசீலனையில் ஒவ்வொரு பேட்ச்சும் எந்த நிலையில் நிற்கிறது, அந்த நிலைக்கு என்ன அர்த்தம் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் மாசிலாமணியின் வேலை. ஆறு நிலைகள். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை: நிலையின் பெயர், அதன் பொருள், கடைசியாக ‘யார் கையில்’. அந்தக் கடைசிப் பத்தி மாசிலாமணியின் யோசனை. அடுத்த அடியை யார் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரே சொல்லில் தெரிய வேண்டுமல்லவா. பெனிட்டா அதைப் பார்த்துவிட்டு, சூப்பர் சார், இதுதான் சார் வேணும் என்று எழுதியிருந்தாள். அந்தப் பத்திதான் இப்போது அவரை மாட்டிவைத்திருந்தது.

‘புதியது.’ வந்திருக்கிறது, இன்னும் யாரும் பார்க்கவில்லை. யார் கையில்: குழு. ‘பரிசீலனையில்.’ ஒருவர் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். யார் கையில்: பரிசீலகர். இந்த இரண்டும் சுலபமாக வந்துவிட்டன, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது புகார்ப் பதிவேட்டில் எழுதிப் பழகின கை அல்லவா. லைன் டெட், லைனில் இரைச்சல், வேறு யாரோ பேசுவது கேட்கிறது என்று வரும் புகார்களுக்கு எதிரே அவர் எழுதுவார்: பார்க்கப்பட்டது, கேபிள் மாற்ற வேண்டும், சரி செய்யப்பட்டது. கேபிள் மேலிடத்திலிருந்து வராது. வராத கேபிளுக்காகச் சரி செய்யப்பட்டது என்று மாதக் கடைசியில் எழுதச் சொல்வார்கள். எழுதியிருக்கிறார். புகார் கொடுத்தவர்கள் வீட்டில் டெலிபோன் செத்துக் கிடக்கும், பதிவேட்டில் உயிரோடு இருக்கும். முப்பத்தோரு வருஷம். அதற்குப் பிறகு விருப்ப ஓய்வு, அதற்குப் பிறகு பழைய கணினி ஒன்றை வாங்கி யாரும் சொல்லித்தராமல் இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது, ஏன் கற்றுக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, வீட்டில் இருக்கிற மனுஷன் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனைவி சுலோசனா சொன்னாள், அதனால்தான் இருக்கும். பெட்டி கீக் என்றது. பேட்டரியில் ஓடும்போது அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தும், அந்த அரை நிமிஷத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ‘ஏற்கப்பட்டது.’ மென்பொருளில் சேர்ந்துவிட்டது, எழுதியவர் பெயர் பங்களித்தோர் பட்டியலில் ஏறிவிட்டது. யார் கையில்: இனி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ‘நிராகரிக்கப்பட்டது.’ காரணம் எழுத்தில் தரப்படும். இதையும் முடித்தார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுக் கீழே போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது பிடிக்காத காயை இலையோரம் தள்ளுவது போல.

‘மாற்றம் தேவை.’ பரிசீலகர் படித்து, இன்னதைத் திருத்துங்கள் என்று கேட்டிருக்கிறார். எழுதியவர் திருத்தி அனுப்ப வேண்டும். யார் கையில்: எழுதியவர். இவ்வளவுதான். இவ்வளவை எழுத என்ன கஷ்டம், விரல் ‘எழுதியவர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தட்டிவிட்டு நின்றுவிட்டது. இந்த நிலையில் இன்று ஒரே ஒரு பேட்ச்தான் நிற்கிறது, எண் நாற்பத்தொன்று. எழுதியவர்: சுலோசனா மா. பரிசீலகர்: மாசிலாமணி. நிலை மாறி மூன்றரை வருஷம். சுலோசனா ஐக்கிய வாசகசாலையில் எழுத்தராக இருந்தவள். நூலடுக்கை ஊரில் முதலில் போட்டதே அந்த வாசகசாலையில்தான், போட்டது மாசிலாமணி, திட்டு வாங்கினது அவள். அதில் ஒரு குறை இருந்தது. புத்தகம் எடுத்த உறுப்பினர் இறந்துபோனால் அதைச் சொல்ல மென்பொருளில் இடமில்லை. புத்தகம் திரும்பாத வரைக்கும் உறுப்பினரை நீக்கவும் முடியாது, மாதத்தின் முதல் வாரத்தில் அது பாட்டுக்கு இறந்தவரின் எண்ணுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கும். லுங்கிக் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி வாசகசாலைக்கு வந்து, போனை மேசையில் வைத்து, எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதான் இன்னும் கடுதாசி போடறீங்க என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சுலோசனா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. மறுநாளிலிருந்து அவரிடம் எதுவும் கேட்காமல், அவர் புத்தகங்களையே எடுத்து வைத்துக்கொண்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரு மாதத்தில் பேட்ச் எழுதினாள். உறுப்பினர் விவரத்தில் ‘காலமானார்’ என்று ஒரு கட்டம். அதில் குறியிட்டால் நினைவூட்டல் நின்றுவிடும், புத்தகம் வரவில்லையென்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அவள் எழுதின ஒரே பேட்ச். முப்பத்தெட்டு வரி.

அதை அவர் அன்றைக்கே ஏற்றிருக்கலாம். நன்றாகத்தான் இருந்தது, அவர் எழுதியிருந்தால் அறுபது வரி ஆகியிருக்கும். ஆனால் சுலோசனா குழுவில் சேர்ந்த அன்று ஒருத்தன் எழுதியிருந்தான், இனிமே வீட்லயே எழுதி வீட்லயே பாஸ் போட்டுக்கலாம், கூட்டுக் குடும்பம் மாதிரி என்று, பக்கத்தில் ஒரு சிரிப்புப் படமும் போட்டு. அவன் பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை. ஆறு மாதத்தில் குழுவை விட்டே போய்விட்டான், எங்கேயோ பிள்ளைகுட்டியோடு இருப்பான், தான் எழுதினது அவனுக்கு நினைவிருக்கவே இருக்காது. அந்த ஒரு வரிக்காக மாசிலாமணி எவனுடைய பேட்ச்சையும் பார்க்காத கண்ணால் அவளுடையதைப் பார்த்தார். பரிசீலனை எல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி குழுவின் மின்னஞ்சலில்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கம். அவளோ இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதினார்: நிரலில் ஒரு மாறிக்கு வைத்த பெயர் தெளிவாக இல்லை, மாற்றவும். அனுப்பினார். அவள் போன் சத்தம் போட்டது. எடுத்துப் படித்தாள், அவரைப் பார்த்தாள்.

“இதை வாயால சொன்னா ஆகாதா?”

எல்லாருக்கும் தெரியணும் சுலோ, அதான் முறை என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனில் என்னவோ தட்டினாள். அவருக்கு மட்டும் வந்தது: மதிப்பிற்குரிய பரிசீலகர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கண்டேன், ராத்திரிக்கு தோசையா சப்பாத்தியா என்பதையும் குழுவிலேயே தெரிவிக்கவும், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள எழுதியவர். தோசை என்று வாயால் சொன்னார். சிரித்தாரா? சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, அவள் திருத்தி அனுப்பியதில் மறுபடியும் ஒன்று கண்டுபிடித்தார், சோதனை ஓட்டிக் காட்டவில்லை என்று. அதையும் செய்தாள். மூன்றாம் முறை கேட்டது எதுவென்று நினைத்தாலே அவர் காது சூடாகும்: ஒரே பேட்ச்சில் இரண்டு வேலை இருக்கிறது, கட்டத்தைச் சேர்ப்பது ஒன்று, நினைவூட்டலை நிறுத்துவது இன்னொன்று, இரண்டாகப் பிரித்து அனுப்பவும். அது தப்பான கேள்வி இல்லை, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை. ‘மாற்றம் தேவை’ என்று நிலையை மாற்றினார். அப்போது ஆனி மாதம். அவள் பிரிக்கிறேன் என்றாள், முதுகு வலிக்குது, நாளைக்குப் பிரிக்கிறேன் என்றாள். ஆடியில் முதுகுவலி வெறும் முதுகுவலி இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. கார்த்திகை வரைக்கும் இருந்தாள்.

பெட்டி கீக் என்றது. வெளியே மின்வாரிய ஆட்கள் மரக்கிளை வெட்டுகிற சத்தம், கிளை விழும்போது யாரோ தள்ளு தள்ளு என்கிறார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியிலும் ஒரு மரம் இருந்தது, என்ன மரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவள்தான் வாசகசாலையிலிருந்து மரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், படுத்தபடியே இலையைப் பார்ப்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், பக்கத்தைத் திருப்பக் கை வராமல் போனபோது அவர் திருப்பினார். ஒரு மத்தியானம் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

“என் பேட்ச் என்னாச்சுங்க?”

“பரிசீலனையில இருக்கு.”

“யார் கையில?”

“என் கையிலதான்.”

அப்ப சரி என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சுக்குப் போய்விட்டாள், டிபன் பாக்ஸ் மூடியை நர்ஸ் ரூமில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள் என்றாள். அது பொய். நிலையின்படி பேட்ச் அவர் கையில் இல்லை, அவள் கையில் இருந்தது. ஊசி குத்தி வீங்கின அந்தக் கையில், இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லி. அன்று ராத்திரி ஒரு நிமிஷத்தில் அந்தப் பொய்யை அவர் நிஜமாக்கியிருக்கலாம், நிலையை மாற்ற ஒரு அழுத்தல் போதும், ஏற்கவே ஏற்றிருக்கலாம், அவள் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும், போனில் காட்டியிருக்கலாம், பார் சுலோ என்று. ஏன் செய்யவில்லை? உடம்பு சரியில்லாத பெண்டாட்டிக்காகப் பாஸ் போட்டான் என்று எவனாவது எழுதுவான் என்றா? எவன் எழுதப் போகிறான், குழுவில் அப்போதே ஐந்து பேர்தான். இதுவரைக்கும் வந்து அவர் நினைப்பு எப்போதும் ஒரு முள்ளில் மாட்டும். இன்றும் மாட்டியது. சரி, அப்போது செய்யவில்லை. அப்புறம்? மூன்று வருஷம் இருந்ததே?

அலமாரியில் அவள் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. தேதி ஐந்து, வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தேவையில்லை, அவருக்கு மனப்பாடம். அன்புள்ள சுலோசனா, தாங்கள் எடுத்துச் சென்ற நூலைத் திருப்பும் நாள் கடந்துவிட்டது, தயவுசெய்து விரைவில் திருப்பவும், ஐக்கிய வாசகசாலை. ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தார். அந்த எண்ணுக்கு மூன்று வருஷமாக அவர் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். புத்தகம் தொலையவும் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒயர் பையில் அப்படியே இருக்கிறது, மருந்துச் சீட்டை அடையாளமாக வைத்த பக்கத்தோடு. நூலகர் குப்பன், பாவம் நல்ல மனுஷன், ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அண்ணே, அந்த புக்கு தொலஞ்சிடுச்சுன்னு எழுதிடறேன், அக்காவுக்கு மெசேஜ் போறது எனக்கே ஒருமாதிரி இருக்கு என்றான். வேணாம்பா, இங்கதான் எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன் என்றார் மாசிலாமணி. பை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இப்போது அவளுக்கு எழுதுவதில்லை. மகளிர் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், பென்ஷன் ஆபீஸில் எடுத்துவிட்டார்கள், ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள், எல்லா இடத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது, ஒரு குறி போட்டால் முடிந்தது. கட்டம் இல்லாத ஒரே இடம் நூலடுக்கு. அங்கே அவள் இன்னும் அன்புள்ள சுலோசனா, புத்தகம் திருப்ப வேண்டியவள். அந்தக் கட்டத்தைச் செய்து கொடுத்தவளும் அவள், அதைச் சேர்க்கவிடாமல் வைத்திருப்பவர் அவர். இப்படி நேராக அவர் இதுவரை நினைத்ததில்லை. நினைத்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார், யாரோ பார்த்துவிட்டது போல.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெனிட்டா கூப்பிட்டாள். அவள் குழுவுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, சுலோசனாவைத் தெரியாது. பக்கம் ரெடியா சார் என்றாள், ரெண்டு வரிதான் பாக்கி என்றார். விஷயம் அவருக்குத் தெரிந்ததுதான்: நூலடுக்கைப் பெரிய அமைப்பு ஒன்று எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது, அதற்கு முன் தேங்கிக் கிடப்பதையெல்லாம் முடித்துப் பட்டியலைச் சுத்தமாகக் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று இருவருக்கும் தெரியும், ஒரு மூலையில் வைப்பார்கள். நூலகங்கள் ஒவ்வொன்றாக வேறு மென்பொருளுக்குப் போய்விட்டன, மிச்சம் இருப்பது ஐக்கிய வாசகசாலையும் இன்னும் இரண்டும். தேங்கியதை முடிக்கும் விதியையும் மாசிலாமணிதான் எழுதிக் கொடுத்தார், போன மாதம், நியாயமாக இருக்கட்டும் என்று யோசித்து யோசித்து: மாற்றம் கேட்டு ஒரு வருஷம் ஆகியும் எழுதியவரிடமிருந்து பதில் இல்லையென்றால் பேட்ச் ‘கைவிடப்பட்டது’ என்ற நிலைக்குத் தானாகப் போகும். அதை எழுதியபோது நாற்பத்தொன்று அவருக்கு நினைவில் இல்லையா? இருந்தது. விதி என்றால் எல்லோருக்கும்தானே.

நீங்க பக்கத்தை ஏத்தின உடனே நான் புரோகிராமை ஓட்டிடுவேன் சார் என்றாள் பெனிட்டா, விதி பொருந்தறது ஒண்ணே ஒண்ணுதான், நாப்பத்தொண்ணு, நல்ல பேட்ச் சார், பாவமா இருக்கு, பாருங்க எவ்ளோ சின்னதா அழகா எழுதியிருக்காங்க, இதுல என்ன சார் மாத்தச் சொன்னீங்க என்று சிரித்தாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே, இந்த சுலோசனாவை உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டாள்.

பெட்டி கீக் என்றது. மரம் வெட்டுகிறவர்கள் ஓய்ந்திருந்தார்கள். என் வீட்டம்மா என்று சொல்ல இரண்டு சொல் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே அந்தச் சிரிப்புப் படமும் வந்தது, மஞ்சளாக, உருண்டையாக, இத்தனை வருஷம் கழித்து.

“பேட்ச் வழியாத்தாம்மா தெரியும்.”

“யாராவது எடுத்துச் செய்யறேன்னு சொன்னா விட்டு வைக்கலாம் சார். அவங்க பேரு மேலயே இருக்கும், செய்யறவங்க பேரு கீழ வரும். நீங்க எடுத்துக்கறீங்களா?”

முப்பத்தெட்டு வரி. மூன்றரை வருஷத்தில் மென்பொருள் மாறியிருக்கிறது, பழைய வரிகள் அப்படியே ஒட்டாது, ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். அவள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். குப்பன் புதுப் பதிப்பைப் போடுவான், கட்டம் வரும், அண்ணே இப்பதான் கட்டம் வந்துடுச்சே என்று குறி போடுவான். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அலமாரி அதிராது. மாசிலாமணி அலமாரியைப் பார்த்தார். சார், சார், லைன்ல இருக்கீங்களா என்றாள் பெனிட்டா.

“இருக்கேன்மா. வேணாம். விதிப்படியே போகட்டும்.”

சரி சார் என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது, அல்லது லைன் அப்படி. மாசிலாமணி ‘மாற்றம் தேவை’ வரியில் நின்ற எழுத்துக்குப் பின்னால் மிச்சத்தைத் தட்டினார். யார் கையில்: எழுதியவர். பிறகு கடைசி நிலை. ‘கைவிடப்பட்டது.’ எழுதியவர் பதில் தராததால் மூடப்பட்டது. அப்படி எழுதிவிட்டு அழித்தார். பதில் தர இயலாத காரணம் இருக்கலாம் என்று சேர்த்தார், அதையும் அழித்தார், அட்டவணையில் அதற்கு இடம் பற்றவில்லை. பதில் வராததால் மூடப்பட்டது, எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி பதில் எழுதினால் மறுபடி திறக்கப்படும். ‘யார் கையில்’ என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கியது. யாருமில்லை என்று போடலாம். குழு என்று போடலாம். உண்மையைப் போடலாம். பெட்டி விடாமல் கத்த ஆரம்பித்திருந்தது, இன்னும் இரண்டு நிமிஷம் என்று அர்த்தம். எழுதியவர் என்று தட்டினார், பக்கத்தை ஏற்றினார், முடிந்தது பெனிட்டா என்று ஒரு வரி அனுப்பினார், திரை அணைந்தது. பெட்டியும் ஓய்ந்தது. வீடு அவ்வளவு அமைதியாக ஆனதில் அவருக்குத் தன் மூச்சே கேட்டது, அதைக்கூட எண்ணத் தொடங்கினார்.

எண்பதோ தொண்ணூறோ வந்திருக்கும், அலமாரியில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. குறுஞ்செய்திக்கு இரண்டு தடவை, மின்னஞ்சலுக்கு ஒரு தடவை, அவள் வைத்தது அப்படி. எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பேட்ச் எண் நாற்பத்தொன்று, நிலை: கைவிடப்பட்டது. பதில் வராததால் மூடப்பட்டது, எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி பதில் எழுதினால் மறுபடி திறக்கப்படும். யார் கையில்: எழுதியவர். பரிசீலகர்: மாசிலாமணி. தான் எழுதினதே என்றாலும் அவளுக்கு வந்ததாகப் படிக்கும்போது வேறு யாரோ எழுதினது போல மரியாதையாக, தூரமாக இருந்தது. கீழே பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தார், அழுத்தவில்லை. அவள் இருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தார். மதிப்பிற்குரிய பரிசீலகர் அவர்களுக்கு, என்று தொடங்கியிருப்பாள். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, எதிர்வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது, தலைக்கு மேல் விசிறி முனகிக்கொண்டு சுற்றியது, கரண்ட் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாசிலாமணி படித்த கடிதத்தைப் படிக்காதது என்று மாற்றினார். அஞ்சல் பெட்டியில் அது மறுபடியும் கறுப்பாக, தடித்த எழுத்தில், அவள் பார்ப்பதற்காக நின்றது. போனைச் சார்ஜில் சொருகி, முன்பிருந்த மாதிரியே சாய்த்து வைத்தார்.